அரிசியை அடியோடு நிறுத்த வேண்டுமா, அளவைக் குறைத்தால் போதுமா?

கேள்வி (கும்பகோணம் வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரை மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால், மதிய உணவு நேரம் நீங்கலாக, இரவு எட்டரை மணி வரை எழுந்திருக்க வேண்டிய தேவையே ஏற்படாத வேலை. சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்றும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றும் வந்திருக்கின்றன. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "சோற்றைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார். வெளியே பத்துப் பேர் காத்திருந்ததால் நானும் மேற்கொண்டு எதையும் கேட்காமல் வந்துவிட்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கருத்து. என் தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியைப் பார்த்த என் மனைவி, கேழ்வரகு, வரகு, சாமை, தினை என அனைத்தையும் வாங்கி அடுக்கிவிட்டார். காலையில் எனக்கு மட்டும் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் எனக்கு மட்டும் வரகுச் சோறு, இரவு எனக்கு மட்டும் சப்பாத்தி என்று மூன்று வேளையும் இரண்டு சமையல் நடக்கிறது. காபியில் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி. என் தாயாரோ, தம் காலத்தில் பழைய சோறு உண்டவர்களுக்கு எந்த நோயும் வரவில்லை என்றும், அரிசியைப் பழிப்பது பாவம் என்றும் சொல்கிறார். இருபது நாள்களில் எனக்கே சலிப்புத் தட்டிவிட்டது. மனைவியின் களைப்பைப் பார்க்கையில் குற்ற உணர்வாகவும் இருக்கிறது.

அரிசியை முற்றிலும் விட்டுவிடத்தான் வேண்டுமா? சிறுதானியம் உண்டால் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது உண்மையா? அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற உணவியலாளர், சென்னை)

ஐயா, முதலில் உங்கள் எண்களைப் பார்ப்போம். மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பதும் அதே முந்தைய நிலைதான். ஆகவே நீங்கள் நிற்பது திரும்பி வரக்கூடிய இடத்தில். இதே நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நம் சென்னையில் நடந்ததுதான். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தொடர்ந்து கடைப்பிடிக்கச் செய்யப்பட்டவர்களில் அது 39 விழுக்காட்டினருக்கே வந்தது. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். உங்கள் மருத்துவர் இரண்டே சொற்களில் சொல்லி அனுப்பியதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி சிறுதானியத்துக்கு வருவோம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். கேழ்வரகு, சாமை, வரகு ஆகியவற்றில் அது 65 கிராமை ஒட்டியும், கம்பில் 62 கிராமை ஒட்டியும் இருக்கிறது. நார்ச்சத்தில் வேறுபாடு பெரிது: அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் கம்பிலும் பதினொரு கிராம். எனவே சிறுதானியம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவு பார்க்காமல் உண்ணலாம் என்பது தவறு. அரிசியில் ஒரு தட்டு உண்டவர் வரகில் ஒன்றரைத் தட்டு உண்டால், விலை கூடியதைத் தவிர வேறு பயன் இல்லை.

உங்கள் காலைக் கஞ்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தானியத்தை நைசாக மாவாக்கி, நீர்க்கக் காய்ச்சிக் குடிக்கும்போது, பல்லுக்கும் வயிற்றுக்கும் வேலையே இருப்பதில்லை. சர்க்கரை விரைவாக இரத்தத்தில் ஏறிவிடும், ஒரு மணி நேரத்தில் பசியும் எடுத்துவிடும். பதினொரு மணிக்குக் கடைப் பையனை அனுப்பி வடை வாங்கி வரச் சொல்கிறீர்களா என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். கேழ்வரகில் உண்ண விரும்பினால், வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்த அடையாக உண்ணுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். அதில் மணமும் சிறிதளவு தாதுக்களும் கூடுதலாக இருக்கலாம், ஆனால் இரத்தத்துக்கு அந்த மணம் தெரியாது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை அல்லது முட்டை, மீன், இறைச்சி என்று அளவு கூறுகிறது. எல்லாம் சமைக்காத நிலையில் எடுத்த எடை, மூன்று வேளைக்கும் சேர்த்த கணக்கு. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த அளவை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு நாள் உங்கள் வீட்டில் வழக்கமாகச் சமைப்பதைச் சமைக்கும் முன் எடைபோட்டுப் பாருங்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தானியம் இதைவிட மிகக் கூடுதலாகவும், காய் பாதிக்கும் குறைவாகவும், பருப்பு சாம்பாரின் நிறத்துக்கு மட்டுமே போட்டது போலவும் இருப்பதை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

ஓர் இடைக்குறிப்பு: இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (தென்காசி வாசகர்)

மேலே உள்ள மறுமொழியுடன் நான் முழுமையாக உடன்படவில்லை. எனக்கு 6.4 இருந்தது. மதியச் சோற்றை விட்டுத் தினைக்கு மாறி ஐந்து மாதங்களில் 5.8-க்கு வந்துவிட்டேன். இது என் சொந்த அனுபவம். தானியத்தை மாற்றாமல் எதுவும் நடக்காது.

மறுமொழி (ஓய்வுபெற்ற உணவியலாளர், சென்னை)

மிக்க மகிழ்ச்சி, ஐயா. அந்த ஐந்து மாதங்களில் உங்கள் எடை குறைந்ததா, மாலைச் சிற்றுண்டியில் மாற்றம் செய்தீர்களா என்பதையும் கூறினால் மற்றவர்களுக்கு உதவும்.

மறுமொழி (தென்காசி வாசகர்)

எடை ஆறு கிலோ குறைந்தது. மாலையில் பஜ்ஜி உண்பதை நிறுத்தினேன். காலையில் முக்கால் மணி நேரம் நடக்கவும் செய்தேன். நீங்கள் கேட்க வருவது புரிகிறது. இருந்தாலும் தினையை நான் விடுவதாக இல்லை. அது எனக்கு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது.

மறுமொழி (சமைப்பவர், திருச்சி)

தம்பி, இதை உங்களுக்கு மட்டுமன்றி உங்கள் மனைவிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என் கணவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே நிலை வந்தபோது நானும் இரண்டு சமையல் செய்தேன். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு இடுப்பு வலிதான் மிச்சம். ஒருவருக்கு மட்டும் பத்தியச் சமையல் என்றால் அது நீடிக்காது. அவருக்குத் தண்டனையாகத் தோன்றும், நமக்குச் சுமையாகும். வீட்டில் அனைவருக்கும் ஒரே சமையல், தட்டில் மட்டும் அளவு வேறு என்று மாற்றிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் அரிசி 140 கிராம் வருகிறது. நான்கு பேருக்கு மதியம் நான்கு ஆழாக்கு வைத்துக்கொண்டிருந்தேன், மீந்தால் இரவுக்கு ஆகும் என்று. மீந்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டரை ஆழாக்காகக் குறைத்தேன். குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் சமையல்காரியின் சாமர்த்தியம் இருக்கிறது. கால் கிலோ அவரைக்காய் வாங்கிய இடத்தில் முக்கால் கிலோ வாங்கினேன். கீரையை மசித்துக் குழம்பைப் போல ஊற்றாமல், பாசிப்பருப்பு சேர்த்துக் கெட்டியான கூட்டாகச் செய்தேன். துவரம்பருப்பு நூறு கிராம் போட்ட சாம்பாரில் நூற்றெழுபது போட்டேன். வாரத்தில் மூன்று மாலைகள் சுண்டல்: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு என்று மாற்றி மாற்றி. முந்தைய இரவு ஊறவைக்க மறந்துவிட்டால் அன்று வேர்க்கடலை வேகவைத்துவிடுவேன். அதற்கு ஊறல் தேவையில்லை.

உண்ணும் வரிசையையும் மாற்றினோம். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் மட்டும் வைப்பேன். அவற்றில் பாதிக்கு மேல் முடிந்த பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வருவேன். காயையும் பருப்பையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று மருத்துவர்களே இப்போது சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காய் முதலில் இறங்கிவிட்டால் இரண்டாம் முறை சோறு கேட்கும் கை தானாகவே நின்றுவிடுகிறது.

உங்கள் தாயாரின் பழைய சோற்றைப் பற்றி: அந்தக் காலத்தில் அதை உண்டவர்கள் பொழுது விடியும் முன் வயலில் இறங்கி நாற்று நட்டவர்கள். நாம் அதை உண்டுவிட்டு நாற்காலியில் அமர்கிறோம். அளவாக, நிறைய சின்ன வெங்காயத்துடனும் மோருடனும் உண்டால் தவறில்லை. ஊறுகாயை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 600 கிராம். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பொட்டலம் இருபத்திரண்டு நாளில் தீர்ந்துகொண்டிருந்தது, அப்பளமும் ஊறுகாயும் சேராமலே.

மறுமொழி (கும்பகோணம் வாசகர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உணவியலாளர் ஐயா கேட்ட வடையைப் பற்றி நான் கேள்வியில் எழுதவே இல்லை. ஆனால் அது உண்மை. பதினொரு மணிக்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை, எதிர்க்கடையிலிருந்து ஒரு மின்தராசு இரவல் வாங்கி வந்து, ஒரு நாளைக்கு நான் உண்பதை மனைவியுடன் அமர்ந்து எடைபோட்டேன். சிறுதானியத்துக்கு மாறும் முன் நான் உண்ட கணக்குப்படி, இட்லியில் உள்ள அரிசி, மதியச் சோறு, இரவுத் தோசை எல்லாம் சேர்த்து 430 கிராம் தானியம் வந்தது. இப்போதைய வரகு, கேழ்வரகு, கோதுமைக் கணக்கில் 410. காணொளியைப் பார்த்து இவ்வளவு பாடுபட்டதில் குறைந்தது இருபது கிராம்தான் என்று தெரிந்தபோது மனைவி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்கறி 130 கிராம். காபி நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டி கருப்பட்டித் தூள் என்று அதையும் எடைபோட்டதில் 36 கிராம்.

திங்கள் முதல் வீட்டில் ஒரே சமையல்; எனக்குச் சோறு ஒரு குழிக்கரண்டி குறைவு, காய் இரு மடங்கு. காபி இரண்டு முறை, இனிப்பு இல்லாமல். முதல் மூன்று நாள் கஷாயம் போல இருந்தது, இப்போது பழகுகிறது. மதிய உணவு முடிந்ததும் கும்பேசுவரர் கோயில் வீதி வரை பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து அமர்கிறேன். இரண்டரை மணிக்கு வரும் தூக்கம் வரவில்லை என்பதை முதலாளியும் கவனித்திருக்கிறார்.

ஒரே ஓர் ஐயம். அடுத்த வாரம் உறவில் ஒரு திருமணம். பந்தியில் அமர்ந்தால் அளவு நம் கையில் இருப்பதில்லை. வேண்டாம் என்றால் பெண் வீட்டார் வருந்துவார்கள். அங்கே என்ன செய்வது?

மறுமொழி (சமைப்பவர், திருச்சி)

பந்தியைப் போல வசதி வேறெங்கும் இல்லை, தம்பி. இலையில் கூட்டும் பொரியலும் பச்சடியும் முதலில் வந்துவிடும், சோறு பிறகுதான் வரும். எல்லோரும் சோற்றுக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் காயை முடித்துவிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்குபவரைப் பார்த்து எந்தப் பெண் வீட்டாரும் வருந்துவதில்லை. சாம்பாருக்கு மட்டும் சோறு வாங்குங்கள். ரசத்தையும் மோரையும் குவளையில் ஊற்றச் சொல்லுங்கள். பாயசம் வரும்போது இலையை உங்கள் பக்கமாக மடித்துவிட்டால் பரிமாறுபவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார்.