குழி விளிம்பில் தொங்கும் பந்து: பத்து விநாடிக்குப் பிறகு விழுந்தால் யார் பக்கம் நியாயம்?

பட்டர்பிரியன்:
2021 ஏப்ரலில் தென் கரோலினாவின் ஹார்பர் டவுன் மைதானத்தில் ஆர்பிசி ஹெரிடேஜ் கோல்ஃப் போட்டி நடந்தது. மூன்றாம் சுற்று, 3ஆம் குழி. கொரியாவின் சி வூ கிம் பேர்டிக்காக (குழிக்கு வகுத்த கணக்கைவிட ஓர் அடி குறைவாக முடிப்பதற்காக) அடித்த பந்து குழி விளிம்பில் போய்த் தொங்கியது. அவர் காத்திருந்தார். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்துப் பந்து தானாக உள்ளே விழுந்தது. நடுவர் வந்து ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) பெனால்டி போட, பேர்டி பார் ஆனது, அதாவது சரியாக அந்தக் கணக்கு. பந்து அசைந்துகொண்டே இருந்தது என்று கிம் சொன்னார், உடன் ஆடிய மாட் குச்சரும் அதையே சொன்னார். அசைகிற பந்தை அடித்தாலும் தப்பு, அடிக்காமல் நின்றாலும் தப்பு என்றால் ஆடுகிறவர் என்னதான் செய்வது?

விதிப்புத்தகம்:
விதி 13.3 இதைத் தெளிவாகவே சொல்கிறது. குழிக்கு நடந்து வர நியாயமான நேரம், வந்தபின் 10 விநாடி. அதற்குள் விழுந்தால் முந்தைய அடியிலேயே குழிக்குள் போனதாகக் கணக்கு. விழாவிட்டால் பந்து நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். அதற்கப்புறம் விழுந்தாலும் முந்தைய அடியிலேயே போனதுதான், ஆனால் கூடவே ஒரு பெனால்டி ஸ்ட்ரோக். நடுவர் இதை அப்படியே செய்திருக்கிறார்.

மேட்டுக்காற்று:
விதி என்ன என்பதில் சண்டையில்லை, அது சரியா என்பதுதான் கேள்வி. பந்து குழிக்கு மூன்று அங்குலம் தள்ளி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மார்க் செய்து (இடத்தைக் குறித்துவைத்து) எடுக்கவில்லை. பெருங்காற்று அடித்து அதைக் குழிக்குள் தள்ளிவிடுகிறது. பெனால்டியே இல்லை, முந்தைய அடியிலேயே குழிக்குள் போனதாகக் கணக்கு. விளிம்பில் தொங்கி, மெல்ல மெல்லச் சாய்ந்து, தன் வேகத்திலேயே விழுகிற பந்துக்கு மட்டும் தண்டனை! அடித்தவரின் திறமை எந்தப் பந்தில் அதிகம் இருக்கிறது?

விதிப்புத்தகம்:
நல்ல உதாரணம்தான். ஆனால் மூன்று அங்குலம் தள்ளி நிற்கிற பந்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. தொங்குகிற பந்துக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். அதனால்தான் அதற்கு மட்டும் கடிகாரம்.

பழைய ஸ்கோர்கார்டு:
இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 1985 யுஎஸ் ஓபன், ஓக்லண்ட் ஹில்ஸ். முதல் சுற்றில் 8ஆவது கிரீனில் (குழி இருக்கும் புல்தரையில்) டெனிஸ் வாட்சன் குழியை நோக்கித் தட்டிய பந்து விளிம்பில் தொங்கியது. பத்து விநாடிக்கு மேல் காத்திருந்தார், விழுந்தது. அன்றைய விதிப்படி அவருக்கு இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. நான்கு நாள் ஆடி முடித்தபோது ஆண்டி நார்த்திடம் தோற்றது ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்!

பத்தாவது விநாடியில் வாட்சன் போய்த் தட்டிவிட்டிருந்தால் ஒரு ஸ்ட்ரோக்தான் கூடியிருக்கும். காத்திருந்ததால் இரண்டு கூடியது. அந்த அநியாயம் பின்னால் சரிசெய்யப்பட்டு, பெனால்டி ஒன்றாகக் குறைந்தது. இப்போது கிம் விஷயத்தைப் பாருங்கள். பத்து விநாடியில் தட்டியிருந்தாலும் பார்தான், ஒரு நிமிடம் நின்றாலும் பார்தான். அவரிடமிருந்து விதி எதையும் கூடுதலாகப் பிடுங்கவில்லை. தட்ட வேண்டிய அந்த ஒரு அடியைத்தான் பெனால்டி என்ற பெயரில் எழுதுகிறது. வாட்சனுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை, ஆனால் இன்றைய விதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேட்டுக்காற்று:
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டர்பிரியன் கேட்டது அப்படியே நிற்கிறதே. அசைகிற பந்தை அடித்தால் ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி என்று விதி 10.1 சொல்கிறது. கண்ணெதிரே உருள்கிற பந்தைப் பார்த்து ‘இது நின்றுவிட்டது’ என்று எழுதிவைத்தால் யார் நம்பித் தட்டுவார்கள்?

விதிப்புத்தகம்:
10 விநாடி முடிந்ததும் பந்து நின்றதாக விதியே சொல்லிவிடுகிறதே. அப்புறம் அதை அடிப்பவரை அசைகிற பந்தை அடித்தவராகப் பார்க்க இடமில்லை. பயமாக இருந்தால் மார்க் செய்து எடுத்துத் திரும்ப வையுங்கள். வைத்த பந்து காற்றில் குழிக்குள் விழுந்தால் விதி 13.1ன்படி பழைய இடத்திலேயே மறுபடி வைக்க வேண்டும், பெனால்டி கிடையாது. ஆனால் 10 விநாடி முடியும் முன் எடுத்தால் காத்திருக்கும் உரிமை போய்விடும்.

பட்டர்பிரியன்:
நடுவில் ஒரு சந்தேகம் சார். எதிராளியின் பந்து தொங்கும்போது, ‘சரி, இது விழாது’ என்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டால்?

விதிப்புத்தகம்:
தயவுசெய்து தொடாதீர்கள். மேட்ச் ப்ளேயில் (குழி குழியாக வெற்றியை எண்ணும் ஆட்டத்தில்) நேரம் முடியும் முன் வேண்டுமென்றே எடுத்தால் அவருடைய பந்து குழிக்குள் போனதாகவே ஆகிவிடும். ஸ்ட்ரோக் ப்ளேயில் அதை மறுபடி விளிம்பிலேயே வைக்க வேண்டும்.

மேட்டுக்காற்று:
என் கோரிக்கை இதுதான். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் சேர்ந்து விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். பந்து கண்ணுக்குத் தெரிய அசைகிறது என்று உடன் ஆடுபவரும் ஒத்துக்கொண்டால் 10 விநாடி எண்ணத் தொடங்கக் கூடாது.

பழைய ஸ்கோர்கார்டு:
அப்படிச் செய்தால் ஒவ்வொரு விளிம்புப் பந்துக்கும் நான்கு பேர் குனிந்து நின்று அசைகிறதா இல்லையா என்று வாதாடுவார்கள். தொலைக்காட்சி கேமரா இல்லாத மைதானத்தில் அதை யார் தீர்ப்பது? அதைவிட, ‘நியாயமான நேரம்’ என்பதைத் திருத்தச் சொல்லுங்கள். 40 அடி தூரத்திலிருந்து ஆடி அசைந்து வருகிறவருக்கும் குழி ஓரத்திலேயே நிற்கிறவருக்கும் அந்த நேரம் எவ்வளவு என்று விதியில் எண் இல்லை. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

மேட்டுக்காற்று:
அதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். முதல் விஷயத்தில் மாட்டேன்.