மறுமொழி: பழைய கணினிச் செயலிகளின் (பிராசசர்) மின்னழுத்த வகைகளுக்கு எச்சொல்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஒரே செயலி வெவ்வேறு மின்னழுத்தங்களில் இயங்கும் வகைகளாக வருவதைக் குறிக்கும் 'வோல்டேஜ் வேரியன்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இவ்விழையில் வந்த பரிந்துரைகளுள் 'மின்னழுத்த வேறுபாடு' நமக்கு உதவாது. பள்ளி இயற்பியலில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ளதைக் குறிக்க அது நிலைத்துவிட்டது. 'மின்னழுத்தத் திரிபு' காதுக்கு இனிமைதான். ஆனால் மூலச் செயலி ஒன்றிலிருந்து மற்றொன்று பிறழ்ந்தது போன்ற எண்ணத்தை அது தருகிறது.

1994இல் வந்த இன்டெலின் 3.3 வோல்ட் பென்டியத்தைப் பாருங்கள். ஒரே வடிவமைப்பில் உருவான சில்லுகளுள், வழக்கமான மின்னழுத்தத்திலேயே இயங்குபவை ஒரு பக்கமும், சுமார் 3.5 வோல்ட் வேண்டுபவை 'வி.ஆர்.ஈ.' என்ற குறியீட்டுடன் மறுபக்கமும் பிரிக்கப்பட்டன. 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலேயே இருவகையும் உண்டு. சில்லின் அடிப்புறத்தில் எஸ்-ஸ்பெக் எண்ணுக்கும் (சில்லின் வகையைக் காட்டும் இன்டெலின் அடையாள எண்) சாய்கோட்டுக்கும் பின் மூன்று எழுத்துகள் இருந்தால், அவற்றுள் முதலாவது 'எஸ்' எனில் வழக்கமானது, 'வி' எனில் வி.ஆர்.ஈ.; ஏனைய இரண்டும் வேறு செய்திகளைச் சொல்பவை. இவ்வாறு சலித்துப் பிரித்ததற்கு 'மின்னழுத்த வகுப்பு' என்பதை முன்மொழிகிறேன். 'தரம்' என்று எழுதினால் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று பழைய சில்லு வாங்குவோர் எண்ணிவிடுவர்.

1997இல் வந்த பென்டியம் எம்எம்எக்ஸின் கதை வேறு. அதன் உள்ளகத்துக்கு (கணக்கீடு நடக்கும் மையப்பகுதிக்கு) 2.8 வோல்ட்டும் உள்ளீட்டு வெளியீட்டுச் சுற்றுக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியே வரவேண்டும். ஒற்றை மின்னழுத்தம் மட்டுமே தரும் பழைய தாய்ப்பலகையில் நேரடியாகச் செருகினால் உள்ளகத்துக்கும் 3.3 வோல்ட்டே போய்ச் சேரும். சுற்றுகள் நிலைமாறும்போது செலவாகும் மாறுநிலை மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப உயர்வதால், அதே வேகத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு கூடுதல் வெப்பத்தைச் சில்லு தாங்க நேரிடும். இதையும் 'வகுப்பு' என்றால் படிப்பவர் தாய்ப்பலகையில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பியான ஜம்பரை மாற்றினால் போதும் என்று நினைப்பார். ஆகவே இதற்கு 'இரட்டை மின்னழுத்தச் செயலி' என்ற தனிப்பெயர் தேவை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கே6 செயலி எதில் சேரும் என்று கேட்டிருந்தீர்கள். 0.35 மைக்ரான் உற்பத்தி நுட்பத்தில் வந்த கே6இல் 166, 200 மெகாஹெர்ட்ஸ் சில்லுகளுக்கு உள்ளகத்தில் 2.9 வோல்ட், 233க்கு மட்டும் 3.2 வோல்ட். இவை யாவும் இரட்டை மின்னழுத்தச் செயலிகள்; அவற்றுக்குள் இரு வகுப்புகள் என்று இரு சொற்களையும் சேர்த்தே எழுதலாம். பின்னர் 0.25 மைக்ரானில் வந்த 2.2 வோல்ட் கே6ஐ இன்னொரு வகுப்பாகக் கொள்வதற்கு நான் உடன்படவில்லை. அங்கே மாறியது சில்லின் உற்பத்தித் தலைமுறை, ஆதலால் எழுதும்போதும் அதையே முதலில் குறிப்பிட வேண்டும்.