புதுப்பிப்பு: யாழ்ப்பாணம் – மன்னார், பிள்ளைகளுடன் ஏ32 வழியாக

அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்கு வேனில் போக ஏ9 கண்டி வீதி நல்லதா, பூநகரி வழியாகப் போகும் ஏ32 வீதி நல்லதா, பூநாரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏ32 தான் சரி. விடியக்காலையில் வெளிக்கிட்டு, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் கடலேரியைக் கடந்தோம். பூநகரி தாண்டியதும் பற்றைக்காடும் வெளியும்தான்; கடைகள் குறைவு. சாப்பாடு கட்டிக்கொண்டு போகச் சொன்ன அண்ணைக்குத் தனி நன்றி, புட்டுப் பொதிதான் காப்பாற்றியது.

பூநாரைக்கு, மன்னாருக்குச் சற்று முன்னால் உள்ள தள்ளாடிப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்ன யோசனைதான் பலித்தது. அது வங்காலைச் சரணாலயம், 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம். பறவைகள் தூரத்தில் நின்றன. வெறுங்கண்ணுக்கு வெள்ளைக் கோடு மாதிரி. தொலைநோக்கியில் பார்த்தால், தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுத் தண்ணீரை அளைவது தெளிவாகத் தெரிந்தது. அம்மா தொலைநோக்கியைத் திருப்பித் தரவே இல்லை! வலசைக் காலம் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, அதற்குள் போங்கள்.

எதிர்பாராதது மாடுகள். இருட்டியதும் சூடான தாரில் வந்து படுத்துவிடுகின்றன, வளைவில் சட்டென்று தெரியாது. பொழுதுபடமுன் பூநகரிக்குத் திரும்பிவிடுங்கள். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) விடாதீர்கள், பிள்ளைகள் கைகோத்துச் சுற்றியும் பாதிகூட எட்டவில்லை.