பி.சி.ஓ.எஸ் சந்தேகம், பிள்ளைக்கு முயற்சிக்கிறோம்: எந்த ரெஸ்ட்டை (பரிசோதனையை) எப்போது எடுப்பது?

கொக்குவில்_தங்கச்சி:

வணக்கம் அக்காமார். கலியாணம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, வயது 29. பெரியபிள்ளையான காலத்திலிருந்தே எனக்கு மாதாமாதம் ஒழுங்காக வந்தது கிடையாது. நாற்பது நாளில் வரும், சில நேரம் இரண்டு மாதம் கடந்தும் வராது. நாடியில் தடிப்பான மயிர் முளைக்கிறது, தலைமுடியோ சீப்போடு வருகிறது. போன கிழமை ஒரு தனியார் இடத்தில் வயிற்றுக்கு மேலால் ஸ்கான் எடுத்தோம். எடுத்தவர் "நீர்க்கட்டி கிடக்கு" என்று மட்டும் சொல்லி ரிப்போட்டைக் கையில் தந்துவிட்டார், வேறு ஒரு விளக்கமும் இல்லை. அதை வீட்டில் சொன்னதிலிருந்து மாமி "கட்டியை வெட்டி எடுத்தால்தான் பிள்ளை தங்கும்" என்று நிற்கிறா. அவ என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறா, ஆனால் எனக்கு இரவில் நித்திரை இல்லை.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். இந்த ஸ்கானோடு பி.சி.ஓ.எஸ் (சூலக நீர்க்கட்டி நோய் என்கிறார்களே, அது) என்று முடிவாகிவிட்டதா? இரத்தத்தில் என்னென்ன பார்க்கவேண்டும், பீரியட்ஸ் வந்து எத்தனையாம் நாள் போகவேண்டும்? உள்ளால் எடுக்கிற ஸ்கானும் தேவைப்படும் என்று ஒருவர் சொன்னார், அது நோகுமா? இவரும் ரெஸ்ட் எடுக்கவேண்டுமா அல்லது என்னுடையது எல்லாம் முடிந்த பிறகா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மானிப்பாய்_அக்கா:

தங்கச்சி, அந்த ரிப்போட்டை முதலில் ஒரு பக்கத்தில் வையும். ஸ்கானை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரும் பி.சி.ஓ.எஸ் என்று முடிவுகட்டுவதில்லை. 2003இல் ரொட்டர்டாம் நகரில் கூடிய டொக்டர்மார் வகுத்ததுதான் இன்றைக்கும் அடிப்படை. சூல் ஒழுங்காக வெளிவராமல் பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போவது ஒன்று, ஆண் ஹோர்மோன் கூடியிருப்பது (இரத்தத்தில் தெரியலாம், அல்லது உமக்குப் போல நாடியில், மேலுதட்டில் மயிர், பெரிய பருக்கள் என்று வெளியே தெரியலாம்) இன்னொன்று, ஸ்கானில் சூலகம் அப்படித் தெரிவது மூன்றாவது. இந்த மூன்றில் இரண்டு இருக்கவேண்டும், அதோடு தைரொயிட் மாதிரி வேறு காரணம் ஒன்றும் இல்லை என்றும் பார்த்திருக்கவேண்டும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டலின்படி முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கானே தேவையில்லை. நீர் எழுதியதைப் பார்த்தால் உமக்கு அந்த இரண்டும் இருக்கும்போலத்தான் தெரிகிறது. ஆனால் அதை டொக்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும், நானில்லை.

மாமி சொல்கிற "கட்டி" பற்றி. அவை வெட்டி எடுக்கிற கட்டிகளே இல்லை. ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் பல சின்னச் சின்ன முட்டைப் பைகள் வளரத் தொடங்கி, அதில் ஒன்று மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்குப் பெருத்து வெடித்து முட்டையை வெளியே விடும். பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு எல்லாம் ஒரு சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். ஒரு குலையில் குரும்பை நிறையப் பிடித்து ஒன்றும் தேங்காயாக முற்றாமல் நிற்கிற மாதிரி. அதாவது முட்டை இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. முற்றுவதற்குத்தான் உதவி வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது. இதை மாமியிடம் இப்படியே சொல்லிப் பாரும், நான் என்னுடைய அம்மாவுக்குச் சொல்லி விளங்கவைத்ததும் இப்படித்தான்.

பொதுவாக 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயற்சித்துவிட்டு வாருங்கள் என்பார்கள். அது பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறவர்களுக்கு. தள்ளிப் போகிறவர்கள் காத்திருக்கவே தேவையில்லை, நீர் அந்த ஒரு வருடத்தையும் கடந்துவிட்டீர். பெரியாஸ்பத்திரியில் பெண்நோயியல் கிளினிக் இருக்கிறது, ஓ.பி.டி.யிலோ வழமையாகக் காட்டுகிற டொக்டரிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் சரி, காசு இல்லை. தனியாரில் சனல் பண்ணி வி.ஓ.ஜி. (பெண்நோயியல் விசேட டொக்டர்) ஒருவரிடம் காட்டினாலும் ரெஸ்ட்டுகளில் பலதை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செய்யலாமா என்று வாய்விட்டுக் கேளும். வெளியில் எல்லாவற்றையும் எடுத்தால் செலவு கையைக் கடிக்கும். போகும்போது கடைசி ஆறேழு பீரியட்ஸ் வந்த திகதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போம். அங்கே சனம் நிறைய இருக்கும், டொக்டருக்கு நேரம் குறைவு, அந்தத் தாள் ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

உள்ளால் எடுக்கிற ஸ்கான் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள் (மேலால் எடுப்பதற்குத்தான் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கவேண்டும்), கால்களை மடித்துப் படுக்கவேண்டும், மேலே துணி போர்த்தியிருக்கும், மெல்லிய குழாய் ஒன்றுக்கு உறை போட்டு ஜெல் பூசி வைப்பார்கள். ஒரு அழுத்தம் தெரியும், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு உடம்பை இறுக்காமல் இருந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் சூலகம் மிகத் தெளிவாகத் தெரியும், ஒரு சூலகத்தில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட சின்னப் பைகள், அல்லது சூலகத்தின் கனவளவு 10 மில்லிலீற்றர் அல்லது அதற்கு மேல் என்று அளந்து எழுதுவார்கள். உம்முடைய ரிப்போட்டில் அப்படி எண்ணிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாரும். பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம், நேர்ஸ் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லாப்_தம்பி:

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், என் பக்கத்தால் சொல்கிறேன். நன்றாகப் பட்ட முதல் நாளை ஒன்றாம் நாளாகக் கணக்கெடுங்கள், இலேசாகக் கறைபட்ட நாளை அல்ல. எஃப்.எஸ்.எச், எல்.எச் (சூலகத்தை இயக்குகிற ஹோர்மோன்கள்) இரண்டையும் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் எடுப்பார்கள். ஆண் ஹோர்மோனான ரெஸ்ரோஸ்ரெரோனையும் அதோடு சேர்த்துக் காலையில் கொடுத்துவிடலாம். டி.எஸ்.எச் (தைரொயிட்டுக்கு), புரொலக்ரின் (பால் சுரக்கவைக்கிற ஹோர்மோன்) இரண்டுக்கும் நாள் கணக்கில்லை, ஆனால் புரொலக்ரினுக்கு எழும்பின கையோடு ஓடிவராமல் இரண்டு மணித்தியாலம் கழித்து, வந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்துவிட்டு எடுப்பது நல்லது, பதற்றத்திலும் அது கூடும். 17 ஓ.எச். புரொஜெஸ்ரெரோன் என்று ஒன்றையும் எழுதிவிடுவார்கள், அது பி.சி.ஓ.எஸ் மாதிரியே காட்டுகிற ஒரு பரம்பரைக் குறைபாட்டை விலக்குவதற்கு. ஏ.எம்.எச் (சின்ன முட்டைப் பைகளிலிருந்து வருகிற ஹோர்மோன்) எல்லோருக்கும் தேவையில்லை. பி.சி.ஓ.எஸ்ஸில் அது கூடுதலாக இருக்கும், கூடியிருக்கிறது என்றவுடன் பயப்படாதீர்கள்.

சூல் வெளிவந்ததா என்று பார்ப்பதற்கு "21ஆம் நாள் புரொஜெஸ்ரெரோன்" என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து எல்லோரும் 21ஆம் நாளே வந்துவிடுகிறார்கள். அது 28 நாளில் பீரியட்ஸ் வருகிறவர்களுக்கான கணக்கு. அடுத்தது வருவதற்கு ஏழு நாள் முன்னர்தான் எடுக்கவேண்டும், 35 நாளுக்கொருமுறை வருகிறவர் 28ஆம் நாள் வரவேண்டும். உங்களுக்கு எப்போது வரும் என்றே தெரியாதபடியால் எந்த நாள் என்பதை டொக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இனி ஒரு முக்கியமான விசயம், தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். முடி கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பார்மசியில் வில்லை ஏதும் வாங்கிப் போடுகிறீர்களா? முடிக்கும் நகத்துக்கும் விற்கிற வில்லைகளில் பயோட்டின் என்ற விற்றமின் பெரிய அளவில் இருக்கும், அது சில மெசின்களில் தைரொயிட், ஹோர்மோன் அளவுகளையெல்லாம் பிழையாகக் காட்டவைக்கும். எத்தனை நாள் முன்னர் நிறுத்துவது என்று டொக்டரிடம் கேளுங்கள், லாபிலும் சொல்லுங்கள். வயிற்றுப் பிரட்டுக்குப் போடுகிற டொம்பெரிடோன் புரொலக்ரினைக் கூட்டும். கர்ப்பத்தடை வில்லை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதை நிறுத்தி மூன்று மாதம் போனால்தான் ரெஸ்ரோஸ்ரெரோன் சரியாகத் தெரியும். சீட்டை நீட்டும்போது இதையெல்லாம் ஒருவரும் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற ரெஸ்ட்டையும் விடவேண்டாம். நம்முடைய ஆட்களுக்கு இன்சுலின் வேலைசெய்யாமை கூடுதல், அதுவும் பிள்ளைக்கு முயற்சிக்கிறவர்கள் சீனி வருத்தம் இருக்கிறதா என்று முன்னரே தெரிந்து வைத்திருக்கவேண்டும். இரவு சாப்பிட்டபின் ஆகக் குறைந்தது எட்டு மணித்தியாலம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம், பிளேன்ரீ கூடாது. முதல் இரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்து, இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அதற்கிடையில் கடைக்குப் போய்வருவோம் என்று நடக்கவேண்டாம், இருந்த இடத்தில் இருங்கள். இரண்டாவது அளவு 140க்குக் (mg/dL) கீழே என்றால் நல்லது, 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, இடையில் என்றால் கவனம்.

சுன்னாகம்_அண்ணா:

ஆம்பிளையளும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். தங்கச்சி, உங்களுடைய ரெஸ்ட் முடியும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை, இந்தக் கிழமையே கொடுக்கலாம். விந்துப் பரிசோதனை ஒன்றுதான், ஊசிகூட இல்லை. இரண்டு தொடக்கம் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து கொடுக்கவேண்டும், போத்தல் லாபிலேயே தருவார்கள், முழுவதும் அதற்குள் விழவேண்டும், கொஞ்சம் வெளியே போய்விட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். சவர்க்காரம், எண்ணெய் ஒன்றும் படக்கூடாது.

எனக்கு முதல் ரிப்போட் மிகக் குறைவாக வந்தது. அதற்கு முந்திய மாதம் டெங்குக் காய்ச்சலில் கிடந்திருந்தேன். விந்து உருவாக இரண்டரை மாதமளவு எடுக்கும், காய்ச்சல் அடித்தால் அந்தக் காலம் முழுக்க அடிபடும் என்று டொக்டர் சொல்லி மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார், சரியாக வந்தது. இடையில் மனைவிதான் ஊர்ச்சனத்தின் கேள்வி எல்லாவற்றையும் தாங்கினா. இரண்டு பேரும் ஒரே நாளில் போனால் ஒருவர் தலையில் பழி விழாது. மாமிக்கும் இவரே கதைக்கவேண்டும், நீங்களல்ல.

கொக்குவில்_தங்கச்சி:

எல்லோருக்கும் கோடி நன்றி. இவரை வாசிக்கவைத்துவிட்டேன், நாளைக்கே போத்தல் எடுக்கப் போகிறாராம், மாமியோடு கதைப்பதாகவும் சொல்லிவிட்டார். முடி வில்லை போடுகிறேன்தான் தம்பி, நல்லகாலம் சொன்னீர்கள். இன்னும் சில கேள்வி. பார்மசியில் வாங்கிய சூல் பார்க்கிற ஸ்ரிப்பில் எந்த நாள் பார்த்தாலும் இரண்டு கோடு தெரிகிறது, ஏன்? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பதாக நேர்ந்திருக்கிறேன், அதற்கிடையில் குளுக்கோஸ் ரெஸ்ட்டுக்குப் போகலாமா? இந்தமுறை பீரியட்ஸ் இன்னும் வரவேயில்லை, வந்தால்தானே 2ஆம் நாள் போவது?

லாப்_தம்பி:

அந்த ஸ்ரிப் எல்.எச். ஹோர்மோனைத்தான் பிடிக்கிறது. பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களில் பலருக்கு அது எப்போதும் கொஞ்சம் உயர்ந்தே நிற்கும், அதனால் சூல் வெளிவராத நாளிலும் கோடு காட்டும். காசை வீணாக்கவேண்டாம்.

விரத நாளில் குளுக்கோஸ் ரெஸ்ட் வேண்டாம். பட்டினி கிடந்தோ சோறு மாவை நிறுத்திவிட்டோ உடனே குடித்தால் இல்லாத சீனியை இருப்பதாகக் காட்டலாம். சூரன்போர் முடிந்து, பாறணை முடிந்து, சில நாள் சோறு, புட்டு என்று வழமைபோலச் சாப்பிட்டபின் வாருங்கள். மெட்ஃபோமின் (சீனி வருத்தத்துக்கும் கொடுக்கிற வில்லை) தொடங்கியிருந்தால் விரதத்துக்கு முன்னரே டொக்டரிடம் கேளுங்கள்.

மந்திகை_பிள்ளை:

நான் மந்திகை ஆஸ்பத்திரியில் காட்டினவள். எனக்கும் ஸ்கானில் இதே மாதிரி எழுதியிருந்தார்கள், இரண்டு மாதத்துக்கொருமுறைதான் பீரியட்ஸ். பி.சி.ஓ.எஸ் என்றே நினைத்து சோற்றை நிறுத்தி, லண்டனில் இருந்து சித்தி அனுப்பின இனோசிற்றோல் மாவையெல்லாம் கரைத்துக் குடித்தேன். கடைசியில் டி.எஸ்.எச் மிகக் கூட, புரொலக்ரினும் கூட. தைரொயிட் குறைந்தால் புரொலக்ரினும் சேர்ந்து ஏறுமாம். தைரொயிட் வில்லையான தைரொக்சின் தொடங்கிக் கொஞ்ச மாதத்தில் பீரியட்ஸ் தானாக ஒழுங்குக்கு வந்தது, இப்போது மகளுக்கு இரண்டு வயது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லவரவில்லை அக்கா, அந்த இரண்டு ரெஸ்ட்டையும் முதலே பார்த்துவிட்டால் வேண்டாத அலைச்சல் மிச்சம்.

மானிப்பாய்_அக்கா:

பீரியட்ஸ் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் தங்கச்சி. முதலில் காலைச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்யும், தள்ளித் தள்ளிப் போகிறவர்களுக்கும் தங்குவதுண்டு. இல்லையென்றால் நேரே கிளினிக்குக்குப் போம், டொக்டர் சில நாளுக்கு ஒரு ஹோர்மோன் வில்லை தந்து வரவைப்பார், அல்லது பீரியட்ஸ் வராமலே இரத்தம் எடுக்கச் சொல்வார். அந்த வில்லையை நீராக வாங்கிப் போடவேண்டாம்.

பிறகு பி.சி.ஓ.எஸ்தான் என்று தெரிந்து, முட்டையை முற்றவைக்க லெட்ரோசோல் என்ற மருந்தைத் தந்தார்கள் என்றால், பெட்டிக்குள் இருக்கிற துண்டில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறவேண்டாம். நான் பதறிப்போய் அழுதுகொண்டு டொக்டருக்குக் கோல் எடுத்தேன். அந்த மருந்து முதலில் அதற்கு வந்ததுதான், ஆனால் 2014இல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ் உள்ள 750 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், இதற்கே கொடுக்கிற பழைய மருந்தான குளோமிஃபீனில் நூற்றுக்கு 19 பேரளவில் பிள்ளை பெற, லெட்ரோசோலில் 27 பேருக்கு மேல் பெற்றார்கள். இப்போது முதலில் கொடுப்பதே அதைத்தான். உடம்பு கூடியவர் என்றால் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சிலருக்குச் சூல் தானாக வரத் தொடங்கும், மெலிந்த பிள்ளைகளுக்கும் பி.சி.ஓ.எஸ் வரும் என்பதால் எல்லோரையும் மெலியச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஃபோலிக் அசிட் தொடங்கிவிட்டீரா? இல்லையென்றால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் இரண்டு பேரும் பதிந்துகொண்டால் இலவசமாகத் தருவார்கள், ருபெல்லா ஊசி போட்டதா என்றும் பார்ப்பார்கள். அந்த ஊசி போட்டால் ஒரு மாதம் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அதனால் மருந்து தொடங்க முதலே கேட்டு அதை முடித்துவிடும்.