"ரீச்சர், இது உங்கடை எழுத்தெல்லோ?" – கையால் எழுதிய பதாதைகளும் நாங்களும்

கொக்குவில், ஓய்வுபெற்ற ஆசிரியை

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை இது. ஓய்வுக்குப் பிறகு அதற்கு வந்து சேர்ந்த வேலை பதாதை எழுதுவது. நானாகத் தேடிப் போகவில்லை. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு ஆதரவாக எங்கள் பக்கத்துத் தாய்மாரும் ஒரு கவனயீர்ப்புக்கு வெளிக்கிட்டார்கள். முதல் நாள் இரவு ஏழு மணிக்கு ஒன்றுவிட்ட தங்கை வந்து கேற்றைத் தட்டினாள். கையில் அவளுடைய மனிசனின் பழைய வேட்டி.

"அக்கா, உங்கடை எழுத்து வடிவு. விடியிறதுக்கிடையிலை எழுதித் தாங்கோ."

வேட்டித் துணியில் பெயின்ற் ஊறிப் பரவும் என்று எனக்கு அப்போது தெரியாது. முதலில் எழுதிய 'கா' பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. விறாந்தையில் இருந்த அம்மா பார்த்துவிட்டு, "கஞ்சி போடாமல் எழுதினால் அப்பிடித்தான் நிக்கும்" என்றா. வடித்த கஞ்சியைத் தடவி, ஃபானுக்குக் கீழே விரித்துக் காயவைத்து, மற்றத் தலைப்பிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். கோட்டுக்கு அடிமட்டம் காணாது. நூலில் அடுப்புக்கரியைத் தேய்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். தச்சுவேலை செய்பவர்களிடம் சின்ன வயதில் பார்த்தது.

ஆனால் எழுத்தை எண்ண மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொடுத்த விஷயம்! "காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்பதில் "பிள்ளைகள்" வந்தபோதே துணி முடிந்துபோனது. "எங்கே?" என்பதை மூலையில் எறும்பளவில் எழுதினேன். அடுத்த நாள் பத்திரிகையில் வந்த படத்தில் அது மடிப்புக்குள் போய்விட்டது. கேள்வியே இல்லாத பதாதை. அதற்குப் பிறகு எதை எழுதினாலும் "எங்கே?" என்பதை முதலில் நடுவில் போட்டுவிட்டுத்தான் மற்றச் சொற்களுக்கு இடம் தேடுவேன்.

இனிச் சொல்ல வந்த கதை. இன்னொரு நாள் முனியப்பர் கோயிலடியில் நின்றோம். சிவில் உடையில் ஒரு பெடியன் ஒவ்வொரு பதாதையாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். இதெல்லாம் பழகிவிட்டது, முகத்தைக்கூட நாங்கள் திருப்புவதில்லை. என் பதாதைக்கு முன்னால் வந்ததும் போனை இறக்கினான்.

"ரீச்சர், இது உங்கடை எழுத்தெல்லோ?"

ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் படித்தவன். "அந்தச் சுழிச்ச ணாவை இப்ப ஆர் எழுதினம்?" என்று சிரித்தான். உண்மைதான். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபிறகு ணா, றா, னா, லை எல்லாவற்றின் பழைய வடிவமும் மெல்ல மெல்ல அச்சிலிருந்து போய்விட்டது. என் கை மட்டும் மாறவில்லை. "காணாமல்" என்ற சொல்லிலேயே அது நிற்கிறதே, எப்படி ஒளிப்பது?

பிறகு படம் எடுத்தான். அது அவன் வேலை. போகும்போது, "கனநேரம் வெயிலுக்கை நிக்காதேங்கோ ரீச்சர், உங்களுக்குப் பிரசர் எல்லோ" என்றான். பாசமாகத்தான் சொன்னான். என் பிரசர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கோ.

*

திருநெல்வேலி, அப்போது பல்கலைக்கழக மாணவன்

ரீச்சருக்கு ஓர் இரவாவது கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடிக்கிறார்கள் என்று செய்தி வந்ததும், இருந்த உடுப்போடு வாசலுக்கு ஓடினோம். அந்த நேரத்தில் பிறிஸ்டல் போட் வாங்கக் கடை ஏது? பரமேஸ்வராச் சந்திப் பக்கம் தேத்தண்ணிக்கடை அண்ணை ஒருவர் பாதிக் கதவு சாத்திக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பெட்டிக்குள் இருந்த சோடாப் போத்தல்களை நிலத்தில் அடுக்கிவிட்டு வெறும் காட்போட் பெட்டியைத் தந்தார். பிறகு அவசரமாகக் கதவைச் சாத்தினார். பயம் அவருக்கும் இருந்திருக்கும், ஆனால் பெட்டியைத் தந்துவிட்டுத்தான் சாத்தினார்.

போன் வெளிச்சத்தில் மதிலில் வைத்து எழுதினோம். மாக்கர் ஒன்று, அதுவும் பாதியில் காய்ந்துவிட்டது, மிச்சத்தை நீலப் பேனையால் கிறுக்கினோம். மற்றப் பக்கத்தில் கண்ணாடிக் குவளைப் படமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருந்தது யாருக்கும் கண்ணில் படவில்லை. காணொளிகளில் எங்கள் கோபம் எல்லாம் ஒரு பக்கம், "கவனமாகக் கையாளவும்" என்ற அடையாளம் மறுபக்கம்.

கொரோனாக் காலம் என்பதால் "கூட்டம் சேராதேங்கோ" என்பதுதான் பொலிசின் முதல் வசனம். மாஸ்க் போட்டிருந்ததால் கத்தினாலும் விளங்காது, அட்டையைத்தான் தூக்கிக் காட்டினோம். உண்ணாவிரதம் நடந்து, 11ஆம் திகதி காலை அதே இடத்தில் திரும்ப அடிக்கல் வைத்தார்கள். அண்ணைக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "எனக்கென்னத்துக்கு, நீயே வைச்சிரு" என்றார். கறையான் பிடிக்கும்வரை வைத்திருந்தேன்.

*

பருத்தித்துறைப் பக்கம், கடற்றொழில்

எங்களுக்கு எழுத்துப் பிரச்சினை இல்லை. வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிற கைதான் பதாதையும் எழுதும். மிச்ச எனமல் பெயின்ற், கிழிந்த தறப்பாள், கட்டுவதற்கு நங்கூரக் கயிறு, எல்லாம் கரையிலுள்ள வாடிக் கொட்டிலிலேயே கிடக்கும். கறுப்புக் கொடிக்குப் பழைய குடைத்துணி. பிரச்சினை என்ன எழுதுவது என்பதில்தான்.

2021 ஒக்ரோபரில் கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடிப் படகுகளுக்கு எதிராக முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குக் கடல்வழியாகப் போனார்களே, அதற்கு முதல் நாள் எங்கள் வாடியில் பெரிய சண்டை. ஒருவர் "தமிழ்நாட்டு மீனவரே, எங்கள் கடலை விட்டு வெளியேறு" என்று எழுதச் சொன்னார். அவருடைய வலையை வெட்டிக்கொண்டு போனவர்கள், கோபம் நியாயம்தான். இன்னொருவர் எழும்பி, "தொண்ணூறிலை நான் அகதியாய்ப் போய் இறங்கினது ராமேஸ்வரத்திலை. சோறு போட்டது ஆர்?" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. தூரிகையைப் பிடித்திருந்தவன் நான், பெயின்ற் காய்ந்துகொண்டு வருகிறது. கடைசியில் மனிசரை விட்டுவிட்டு மடியைப் பிடித்தோம்: "இழுவைமடியை நிறுத்து. கடலடியைக் கிண்டாதே." 2017இலேயே இலங்கையில் அது சட்டப்படி தடை, உள்ளூரில் மடி இழுப்பவனுக்கும் இந்த வசனம் பொருந்தும். எங்களுக்குள்ளும் அப்படிச் சிலபேர் இருந்தார்கள். பதாதையைக் கண்டதும் அவர்களின் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும்.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்தது. அதற்கும் ஒரு பதாதை எழுதினோம். எழுதி முடித்துத் தூரிகையைக் கழுவ மண்ணெண்ணெயைத் தேடினால்... அதுதானே இல்லை! நல்ல தூரிகை கல்லாகப் போய்விட்டது.

*

யாழ். நகரம், அச்சுக்கடை வேலை

நான் எதிர்ப்பக்கத்து ஆள், பதாதை அச்சடிக்கிறவன். எல்லாரும் கையெழுத்தைப் புகழ்கிறீர்கள், சரி. ஆனால் டிஜிற்றல் பிறின்ற் அடித்தால் எழுத்து ஒழுங்காக நிற்கும், மழைக்குக் கரையாது, சதுர அடிக் கணக்கில் காசு, ஒரு மணித்தியாலத்தில் கையில். கோயில் திருவிழா, பிறந்தநாள், மரண அறிவித்தல் எல்லாம் அப்படித்தான் போகிறது.

போராட்டப் பதாதை வந்தால் மட்டும் கதை வேறு. முன்பு நான் வேலை செய்த ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) முதலாளி அடையாள அட்டையின் கொப்பி கேட்பார். சில சொற்களைக் கண்டால் "மெஷின் பழுது தம்பி" என்பார். பின்னால் மெஷின் கட்டைக் குரலில் உறுமிக்கொண்டிருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அச்சடித்த பதாதையில் கடைக்காரர் வழக்கமாக மூலையில் தன் பெயரும் போன் நம்பரும் போடுவார். அதனால் விசாரிக்க வருபவர்களுக்கு முதல் வாசல் கடைதான். ஒரு தாய் வந்து மகனின் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னா. பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. "அது அவன்ரை கன்னத்திலை இருக்கிற தழும்பு, அழிச்சுப் போடாதை" என்றா. எது தழும்பு, எது புள்ளி என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றையும் தொடாமல் அப்படியே அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. முதலாளி சம்பளத்தில் பிடித்தார்.

*

சாவகச்சேரி

காற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. 2025 ஜூனில் செம்மணியில் "அணையா விளக்கு" போராட்டம் நடந்த மூன்று நாளும் அங்கே நின்றேன். சித்துப்பாத்தி மயானத்தில் அந்த வருடம் மாசியில் எரியூட்டு மண்டபத்துக்குக் கிடங்கு வெட்டும்போது எலும்புகள் வெளிப்பட்டு, முதல் கட்ட அகழ்வு முடிந்திருந்த நேரம். செம்மணி வெளி உங்களுக்குத் தெரியும், ஒரு மரமில்லை, சோழகக் காற்றுத் தலையில் அடிக்கும். எட்டு அடித் துணியை இரண்டு பேர் பிடிப்பது பாய்மரத்தைப் பிடிப்பது மாதிரி. துணியில் பிறை வடிவில் ஓட்டை வெட்டினால் காற்றுப் போகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வெட்டினேன். பெரிதாக ஒன்றும் போகவில்லை, துணிதான் ஓட்டையிலிருந்து கிழிந்தது. பிறகு வல்வெட்டித்துறைப் பெடியன் ஒருவன் வந்தான். பட்டம் கட்டுகிற ஆள். மேலும் கீழும் மூங்கில் சலாகை வைத்து, நடுவில் குறுக்கே ஒன்று கட்டி, நூலால் வரிந்து தந்தான். அதற்குப் பிறகு அசையவில்லை. கொஞ்சம் விட்டால் பறந்திருக்கும், அது வேறு கதை.

மூன்றாம் நாள் 25ஆம் திகதி, ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் வோல்கர் டர்க் வருகிறார் என்றதும் மூன்று மொழியிலும் எழுதினோம். சிங்களம் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது, மிச்சம் போனைப் பார்த்து. கண்டி வீதியோரம் நின்ற இளம் பொலிஸ்காரர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கிட்ட வந்தார். பறிக்கப் போகிறார் என்று இறுக்கிப் பிடித்தேன். விரலை நீட்டி, கொச்சைத் தமிழில், "இது எழுத்து பிழை" என்றார். "அதுருதஹன்", அதாவது காணாமல்போன, என்ற சொல்லின் கடைசி எழுத்து. சிங்களத்திலும் இரண்டு 'ன' இருக்கிறது. நான் எங்கள் ணகரத்துக்குச் சமமான எழுத்தைப் போட்டிருந்தேன். பையிலிருந்து மாக்கரை எடுத்துத் திருத்தினேன். சரியா என்று கண்ணால் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், திரும்பவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர் எங்கள் பக்கம் என்று சொல்ல வரவில்லை. பிழையான எழுத்தைச் சகிக்க முடியாத ஆளாகவும் இருக்கலாம். ரீச்சர் மாதிரி.

புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று: பதாதையோடு ஊர்வலமாக நடப்பதென்றால் பொலிஸ் கட்டளைச் சட்டப்படி ஆறு மணித்தியாலத்துக்கு முன்னமே கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். கொடுத்த கடிதத்தின் கொப்பியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்திருங்கள். "அறிவிக்கவே இல்லை" என்று நடுவீதியில் எனக்குச் சொன்னார்கள். கொப்பி பையில் இருந்ததால் தப்பினேன்.

*

திரும்பவும் கொக்குவில் ரீச்சர்

சாவகச்சேரிப் பிள்ளை, அந்தப் பொலிஸ்காரர் செய்தது சரி. பிழையை விட்டுவிட்டுப் போக மனம் வராது.

பழைய பதாதைகளை என்ன செய்வது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எரிக்க மனம் வரவில்லை. எனமல் வெளுத்தாலும் போகாது. முதல் வேட்டியை அம்மா பனங்கிழங்கு ஒடியல் காயப்போட எடுத்துவிட்டா. முற்றத்தில் எழுத்துப் பக்கம் மேலே தெரிய விரித்திருந்தா. ஒடியல் பரவிக் கிடந்ததில் "பிள்ளைகள்" மட்டும் வெளியே தெரிந்தது. கிராம அலுவலர் ஒரு படிவத்தோடு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துணியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா.

தையிட்டியில் மக்களின் காணியில் கட்டிய விகாரைக்கு எதிராக வாற போயா (பௌர்ணமி) நாளில் நடக்கிற போராட்டத்துக்கு ஒன்று எழுதக் கேட்டிருக்கிறார்கள். வேட்டி கைவசம் இல்லை. யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கோ, கரை போட்டதென்றாலும் பரவாயில்லை. கஞ்சி நான் போடுகிறேன்.