உளுந்து விதையைக் காந்தத்தில் வைப்பது: எவ்வளவு வலு, எத்தனை நேரம்?

தொண்டி உழவு
திருவாடானை பக்கம், கடலிலிருந்து 3 கி.மீ. உள்ளே. நெல் தரிசில் (நெல்லுக்குப் பிறகு சும்மா கிடக்கும் வயலில்) உளுந்து, ஏக்கருக்கு 10 கிலோ விதை. மண்ணில் உவர் பூக்கும். காந்தத்துக்கு நடுவில் வைத்த விதை சீக்கிரம் முளைக்கும் என்கிறார்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் நாலு இருக்கு. போதுமா? உப்பைத் தாங்க வைக்குமா?

விதைப்பெட்டி
ஸ்பீக்கர் காந்தம் வேண்டாம் அண்ணே. நடுவில் ஓட்டை இருப்பதால் அங்கே காந்தப் புலம் திசையே மாறும். ஒரே தட்டில் ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு அளவு விழும்.

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கொண்டைக்கடலையில் 250 மில்லிடெஸ்லா (காந்தப் புல வலுவின் அலகு) வரை, 1 முதல் 4 மணி நேரம் வைத்துப் பார்த்தது. நல்ல பலன் தந்தவற்றில் 100 மில்லிடெஸ்லா, 1 மணி நேரம் ஒன்று. வலுவைக் கூட்டினால் பலனும் கூடும் என்று இல்லை. உளுந்துக்கு அந்த 100 மில்லிடெஸ்லா, 1 மணி நேரத்தையே தொடக்க அளவாக வைத்துச் சோதிக்கணும்.

6×4 அங்குலம், 1 அங்குல கனமுள்ள ஃபெரைட் (பீங்கான் வகைக் காந்தம்) கட்டி இரண்டு வாங்குங்க. ஒன்றையொன்று இழுக்கும் முகங்கள் எதிரெதிரே இருக்கணும். தள்ளும் முகங்களை வைத்தால் நடுவில் புலம் அடிபட்டுப் போகும். இடையில் 2 செ.மீ. மரக்கட்டை கொடுங்க, இல்லையென்றால் விரல் நசுங்கும். நடுவில் 100 மில்லிடெஸ்லாவை ஒட்டி வரும். காந்த வலு அளக்கும் காஸ் மீட்டரில் பாருங்க, 1000 காஸ் (அதே 100 மில்லிடெஸ்லா) காட்டணும். கைபேசி செயலி இந்த வலுவை அளக்காது. நியோடிமியம் காந்தம் (வலு கூடிய உலோகக் காந்தம்) கடற்காற்றில் பூச்சு உரிந்து துருப்பிடிக்கும். ஃபெரைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. விதைத் தட்டு அட்டையோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், தகரம் கூடாது.

பயறு வயல்
மேலே சொன்ன இடைவெளியில் ஒரு தடவைக்குக் கால் கிலோதான் கொள்ளும். 10 கிலோவுக்கு 40 தடவை, அதாவது 40 மணி நேரம். அதனால் முதலில் சோதனை. ஒரே மூட்டையில் 400 விதை காந்தம் வைத்தது, 400 வைக்காதது, நூறு நூறாக ஈரத்தாளில் சுருட்டுங்க. இரண்டு வகையிலும் பாதிச் சுருளை நல்ல தண்ணீரில், உப்பைத் தாங்குதா என்று பார்க்கப் பாதியை உங்க கிணற்றுத் தண்ணீரில் நனையுங்க. 4ஆம் நாளும் 7ஆம் நாளும் எண்ணி, வேர் நீளத்தையும் அளங்க. வைக்காத விதையே நல்ல தண்ணீரில் 75 சதவீதத்துக்குக் கீழே முளைத்தால் விதையை மாத்துங்க. வண்டு துளைத்த பருப்பைக் காந்தம் காப்பாத்தாது.

உவர்நிலம்
உப்பைப் பற்றிக் கேட்டீங்க. காந்தம் மண்ணில் உள்ள உப்பைத் தொடாது. விதை வேகமாக நீர் உறிஞ்சி, வேர் சற்று முந்தி இறங்க உதவலாம், அவ்வளவுதான். வயல் காயக் காய உப்பு மேலே ஏறும். அதனால் அறுப்புக்கு 5 முதல் 10 நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தில் விதைப்பதுதான் இங்கே பெரிய விஷயம்.

தொண்டி உழவு
நன்றி. ரைசோபியம் (பயறு வேருக்குத் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) எப்போ கலக்கணும்?

விதைப்பெட்டி
காந்தம் முதலில், காய்ந்த விதையில். பிறகு ஆறின கஞ்சியில் ஒரு 200 கிராம் பொட்டலத்தைக் கரைத்துப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதைங்க. கஞ்சி பூசிய விதையைக் காந்தத்தில் அடுக்கினால் கட்டி கட்டியாக ஒட்டிக்கும்.