போரில் காணாமற்போன விமானியை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் எப்படி அடையாளம் காண்கிறார்கள்? குடும்பத்தில் யார் மாதிரி கொடுக்க வேண்டும்?

காவேரிப்பட்டணத்துப் பேத்தி:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாயியின் (அம்மாவின் தாய்) அண்ணன் 1944இல் இம்பால் போர்முனையில் ஹரிகேன் போர்விமானம் ஓட்டியவர். காலையில் கிளம்பிய விமானம் திரும்பவில்லை என்ற தந்தி மட்டுமே வீட்டுக்கு வந்தது. உடல் வராததால் கருமாதி செய்வதா வேண்டாமா என்று பெரியவர்கள் ஓராண்டு தயங்கினார்கள் என்றும், அந்த ஓராண்டும் கொள்ளுப்பாட்டி இரவில் தெருக்கதவைத் தாழிட விடவில்லை என்றும் அம்மாயி சொல்வார். அப்போது அவருக்குப் பத்து வயது.

அருணாசலப் பிரதேச மலைகளில் விழுந்த அமெரிக்க விமானங்களைத் தோண்டி, அதில் இறந்தவர்களை அடையாளம் கண்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இரண்டு கேள்விகள். கிடைத்த எலும்பு இன்னாருடையது என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? பிற்காலத்தில் அப்படி ஏதேனும் கிடைத்தால் ஒப்பிடுவதற்கு எங்கள் வீட்டில் யாருடைய டிஎன்ஏ வேண்டும்? அவர் தன் அக்காள் மகளையே மணந்தவர். அவர்களின் ஒரே மகன், நாங்கள் பெரியப்பா என்று அழைப்பவர், தருமபுரியில் இருக்கிறார். மகன் இருக்கும்போது வேறு யாரும் தேவையில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஓசூர் விமானப் பராமரிப்பாளர் (ஓய்வு):

அம்மா, முதலில் அடையாளம் காணப்படுவது மனிதர் அல்லர், விமானம். வால் பகுதியில் எழுதிய எண் தீயிலும் மழையிலும் அழிந்துவிடும். ஆனால் என்ஜினில் அறைந்த தகட்டின் எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் மண்ணுக்குள் கிடந்தாலும் பெரும்பாலும் படிக்கும்படி இருக்கும். அமெரிக்கர்கள் 1943 முதல் காணாமற்போன ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதிய அறிக்கையில் என்ஜின் எண்களையும் துப்பாக்கி எண்களையும் குறித்து வைத்தார்கள். பிரிட்டிஷ் முறையில் இயங்கிய படையணிகள், யார் எந்த எண்ணுள்ள விமானத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று அன்றாடப் பதிவேடு எழுதின. விமானத்தின் எண் தெரிந்தால் அதில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் தெரிந்துவிடும்.

ஹரிகேன் ஒருவர் மட்டுமே அமரும் விமானம் என்பது உங்களுக்குச் சாதகமானது. 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குத் திரும்பும் வழியில் மறைந்த பி-24 குண்டுவீச்சு விமானத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அதன் சிதைவு 2006இல் அருணாசலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற லெப்டினன்ட் 2017இல்தான் அடையாளம் காணப்பட்டு, தம் சொந்த ஜார்ஜியா மாநிலத்தில் அடக்கமானார். பலர் ஒன்றாக இறந்த இடத்தில் விமானத்தின் எண் மட்டும் போதாது.

ஒருவர் மட்டுமே இருந்த விமானத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1942 ஜூனில் எகிப்தியப் பாலைவனத்தில் டெனிஸ் காப்பிங் என்ற பிரிட்டிஷ் விமானி இறக்கிய கிட்டிஹாக் விமானம் 2012இல் ஏறக்குறைய முழுசாகவே கிடைத்தது. விமானி அதில் இல்லை. பாராசூட் துணியை நிழலுக்குக் கட்டியிருந்த தடயம் இருந்ததால், அவர் உயிரோடு இறங்கி நடந்து போனார் என்று தெரிந்தது. விமானம் கிடைப்பது வேறு, விமானி கிடைப்பது வேறு.

பர்கூர் அகழாய்வு மாணவன்:

மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2021இல் எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் சில வாரங்கள் சல்லடை பிடித்தேன். எடுத்த மண்ணையெல்லாம் தட்டுத் தட்டாகச் சலிக்கும்போது, காய்ந்த வேர்த்துண்டுக்கும் எலும்புக்கும் வேறுபாடு தெரியாமல் ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. விமானம் விழுந்த இடத்திலும் இதே வேலைதான்: கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, கட்டம் கட்டமாகத் தோண்டி, மொத்த மண்ணையும் சலிக்கிறார்கள். ஒரு பல் கிடைத்தாலே பெரிது, ஏனென்றால் உடம்பில் பல்தான் கடைசிவரை நிற்கிறது. படையில் எடுத்த பல் பதிவு இருந்தால் அதனோடு ஒப்பிடலாம்.

இடத்தைப் பொறுத்து எல்லாம் மாறும். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லேவுக்குப் போன நம் விமானப்படையின் ஏஎன்-12 விமானம் 102 பேருடன் மறைந்தது. 2003இல் இமாசலப் பனியாற்றில் சிதைவு தென்பட்டது. 2024இல்கூட நான்கு உடல்கள் கிடைத்தன. பனி காத்துவைத்ததால் ஒருவரைச் சட்டைப்பையில் இருந்த காகிதத்தைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். மணிப்பூர்ப் பக்கத்து ஈரக் காட்டு மண்ணில் காகிதமும் இருக்காது, எலும்பும் கரையும். யாரும் தாமாகப் போய்க் கிளறிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கிடந்த இடம் கலைந்தால் பாதிச் சான்று போய்விடும்.

பென்னாகரம் ஆசிரியர் (மரபியல்):

பெரியப்பாவே போதும் என்று வீட்டில் சொல்வது பொதுவாகப் பொருந்தாது. பழைய எலும்பில் பெரும்பாலும் மிஞ்சுவது, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. உயிரணுவின் கருவில் ஒருவரது டிஎன்ஏ (கரு டிஎன்ஏ) இரண்டு பிரதிகள்தான் இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவினுடையது நூற்றுக்கணக்கில் இருப்பதால் எங்காவது ஒரு துணுக்கு தப்பித்துக்கொள்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். தகப்பன் தன் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதில்லை. ஆகவே காணாமற்போன ஆணின் மகனைவிட, அவருடைய உடன்பிறந்தாளும் அவளது மகளும் மகள்வழிப் பேத்தியும்தான் இந்த ஒப்பீட்டுக்கு உரியவர்கள். தாய்மாமன் உறவு என்று நாம் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஆனால் நம் பக்கத்து வழக்கம் இதை மாற்றும். அவர் அக்காள் மகளை மணந்தார் என்கிறீர்கள். அந்த அக்காளுக்கும் அவருக்கும் தாய் ஒருத்தியே என்றால், மனைவியும் அதே தாய்வழிதான். அவள் மூலம் மகனுக்கும் அது வந்திருக்கும். அந்த ஒரு நிலையில் பெரியப்பாவின் மாதிரி தாய்வழிக்கும் பொருந்தும், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமுக்கும் பொருந்தும். வெளிநாட்டு ஆய்வகத்தார் மாமன் மருமகள் திருமணத்தை எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதால், வம்சப் படத்தை மிகத் தெளிவாக வரைந்து கொடுக்க வேண்டும். இன்னொன்று: ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசை உறவில்லாத பலருக்கும் இருக்கலாம். அது பொருந்தாவிட்டால் 'இவர் அல்லர்' என்று விலக்க உதவும்; பொருந்தினால் மட்டும் 'இவர்தான்' என்று ஆகிவிடாது. விமான எண், பல், உயரம், வயது எல்லாம் சேர்ந்தே முடிவு வரும்.

தயவுசெய்து அம்மாயியிடம் ஒன்று கேளுங்கள்: அந்த அக்காள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளையா?

காவேரிப்பட்டணத்துப் பேத்தி:

ஐயா, கேட்டேன். இல்லையாம். கொள்ளுத்தாத்தாவுக்கு முதல் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டார்; பெரிய அக்காள் அந்த அம்மாளின் மகள். அண்ணனும் அம்மாயியும்தான் இரண்டாம் மனைவியின் பிள்ளைகள். 'எல்லோரையும் ஒன்றாகத்தானே வளர்த்தார்கள், யாரும் பிரித்துப் பேசியதில்லை' என்றார். என் அம்மாவுக்கே இது இன்றுதான் தெரியும்.

பென்னாகரம் ஆசிரியர் (மரபியல்):

கேட்டது நல்லதாயிற்று. பெரியப்பாவின் மைட்டோகாண்ட்ரியா முதல் மனைவியின் வழியில் வந்தது. அதை வைத்து ஒப்பிட்டிருந்தால், கிடைத்தது அவருடைய எலும்பாகவே இருந்தாலும் 'அவர் அல்லர்' என்று விலக்கியிருப்பார்கள். தாய்வழிக்கு அம்மாயி, உங்கள் அம்மா, நீங்கள் மூவருமே பொருந்துவீர்கள். தந்தைவழிக்கும் கரு டிஎன்ஏவுக்கும் பெரியப்பா கட்டாயம் வேண்டும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

அத்துடன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பதிவில் தேடுங்கள். அந்தப் போர்முனையில் கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே இருக்கும் படை எண்ணும் தேதியும்தான் பதிவேடுகளைத் தேடத் தொடக்கம்.

காவேரிப்பட்டணத்துப் பேத்தி:

நன்றி ஐயா. தந்தி இருந்த தகரப் பெட்டியை எடுத்து, தேதியைப் படியெடுத்துவிட்டேன். வம்சப் படத்தில் முதல் மனைவிக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. அம்மாயி இரண்டு நாள் யோசித்து, இன்று காலை அந்தப் பெயரைச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.